‘பாய்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அப்பால்

தமிழ்நாட்டில் முஸ்லிம் ஆண் எவரையும் ‘பாய்’ என்று அழைப்பது வழக்கம். இறைச்சிக் கடைக்காரர், பிரியாணி மாஸ்டர், பழ வியாபாரி, வங்கி அதிகாரி, பேராசிரியர் என்று எல்லோரும் ‘பாய்’தான். இதில் பகையில்லை, பெரும்பாலும் அன்புதான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல் உருது வழி வந்தது. சகோதரன் என்று பொருள். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பான்மையோருக்குத் தாய்மொழி தமிழ். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள். தந்தை ‘வாப்பா’, தாய் ‘உம்மா’. ராவுத்தர் குடும்பங்களில் தந்தை ‘அத்தா’. ‘பாய்’ என்பது அவர்கள் வீட்டுக்குள் புழங்காத சொல், தெருவில் நாம் அவர்களுக்குச் சூட்டிய சொல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் குடும்பங்களுக்கு உரிய ஒரு முறைப்பெயரைத் தமிழ் பேசும் மரைக்காயருக்கும் லெப்பைக்கும் ராவுத்தருக்கும் சேர்த்தே பொருத்திவிட்டோம். பக்கத்து வீட்டாரைப் பல நூற்றாண்டுகளாக அறிந்தும் அவர் வீட்டுக்குள் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியவில்லை. இந்த அறியாமையைப் போக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அது தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம் பாடநூல்களில் முஸ்லிம்கள் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் வழியாக நுழைகிறார்கள். ஒன்று, வரலாற்றுப் பாடம். அங்கே அவர்கள் குதிரை மேல், வாளோடு, வடமேற்குக் கணவாய்கள் வழியாக வருகிறார்கள். கஜினி முகமது, கோரி முகமது, டெல்லி சுல்தான்கள், முகலாயர்கள் என்று வம்சப் பட்டியல் நீள்கிறது. மற்றொன்று, சமயங்களைப் பற்றிய பாடம். அங்கே இஸ்லாம் 7ஆம் நூற்றாண்டில் அரேபியாவில் தோன்றுகிறது. ஐந்து கடமைகள் எண்ணிட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. மாணவர் அதை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் பெறுகிறார். இரண்டிலும் தகவல் பிழை பெரிதாக இல்லை. ஆனால் படித்து முடிக்கும் பிள்ளையின் மனதில் நிற்பது ஒரு படையெடுப்பாளனின் உருவமும் ஒரு பாலைவனத்தின் காட்சியும்தான். அதே வகுப்பில், அதே பெஞ்சில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு உட்கார்ந்திருக்கும் சக மாணவர் இந்த இரண்டில் எதிலும் இல்லை. தமிழ் இலக்கியப் பாடத்தில் சீறாப்புராணச் செய்யுளோ செய்குத்தம்பிப் பாவலரின் பாடலோ வருவது உண்டு. ஆனால் அது செய்யுளாகவே, அருஞ்சொற்பொருளோடும் இலக்கணக் குறிப்போடும் கடந்துபோகிறது. வரலாற்றுப் பாடத்தில் வந்தவர்களோடு இவர்களுக்கு என்ன உறவு என்று எவரும் கேட்பதில்லை.

இந்த இடைவெளியை நல்லெண்ணம் கொண்டவர்கள் ஒரு நற்சான்றிதழால் நிரப்பப் பார்க்கிறார்கள். அப்துல் கலாமின் படம், ரம்ஜான் நோன்புக் கஞ்சி, ‘எல்லா மதமும் அன்பையே போதிக்கிறது’ என்ற வாசகம் ஆகியவற்றோடு மதநல்லிணக்கப் பாடம் முடிந்துவிடுகிறது. கெட்ட பொதுமைக்குப் பதிலாக ஒரு நல்ல பொதுமையை வைப்பதால் பொதுமைப்படுத்தும் பழக்கம் போய்விடாது. ‘அவர்கள் எல்லோரும் வன்முறையாளர்கள்’ என்பதும் ‘அவர்கள் எல்லோரும் அமைதியானவர்கள்’ என்பதும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு வாக்கியங்கள். முதல் செய்தித் துணுக்கு வந்து மோதியதும் இரண்டாவது உடைந்து முதலாவது ஆகிவிடும். முன்முடிவு எப்போதும் ‘எல்லோரும்’ என்ற சொல்லில்தான் உயிர் வாழ்கிறது. ஆகவே அதற்கு மருந்து இன்ன ஊர், இன்ன தொழில், இன்ன நூல், இன்ன காலம் என்ற குறிப்பான அறிவுதான். ஒரு மதத்தின் சுருக்கத்தைக் கற்பிப்பதைவிட அதைப் பின்பற்றும் மனிதர்களின் வாழ்க்கையை, அதன் வேறுபாடுகளோடும் சச்சரவுகளோடும் கற்பிப்பதே பயன் தரும்.

மொழியிலிருந்தே தொடங்கலாம், அதற்குச் செலவில்லை. வசூல், பாக்கி, வாரிசு, வக்கீல், ஜாமீன், ரசீது, அசல், நகல், ஆஜர், கைதி, மகசூல், தாலுகா ஆகிய சொற்கள் இல்லாமல் நம்மில் ஒருவரும் வருவாய்த் துறை அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போய்வர முடியாது. இவையெல்லாம் அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆட்சி வழியாகத் தமிழுக்குள் வந்தவை. இப்போது தமிழ் முஸ்லிம்களின் வழிபாட்டுச் சொற்களைப் பாருங்கள்: தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல். எல்லாம் தமிழ். அவர்கள் வீட்டு அடுக்களையில் குழம்புக்குப் பெயர் ‘ஆணம்’; மற்றவர்கள் கைவிட்டுவிட்ட பழந்தமிழ்ச் சொல் அது. கச்சேரியில் நாம் அரபியும் பாரசீகமும் பேசுகிறோம். பள்ளிவாசலில் அவர்கள் தமிழ் பேசுகிறார்கள். ‘பள்ளி’ என்ற சொல்லின் பயணமும் இப்படித்தான். சமணர்களும் பௌத்தர்களும் தங்கிய இடம் பள்ளி. பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடமும் பள்ளி. சொல் ஒன்று, குடியிருந்தவர்கள் பலர். எட்டாம் வகுப்பு மாணவருக்கு இந்த இரண்டு பட்டியல்களையும் கொடுத்து ‘இதில் எது அந்நியம்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நல்லிணக்க உறுதிமொழியைவிட அது அதிக வேலை செய்யும்.

அடுத்து கடற்கரை. தமிழகத்துக்கு இஸ்லாம் வந்த கதையைக் கணவாய் வழியாகச் சொல்லத் தொடங்கினால் அது படையெடுப்பின் கதையாகத்தான் முடியும். ஆனால் இங்கே அது முதலில் கடல் வழியாக, வணிகத்தோடு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தையும் அங்கு அரபு, பாரசீக நாடுகளிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதையும் எழுதியிருக்கிறார். பாண்டியர் அவையில் தகியுத்தீன் என்ற முஸ்லிம் அமைச்சராக இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் பதிவு செய்திருக்கிறார். மாலிக் காபூர் 1311இல் மதுரைக்கு வந்தபோது, முஸ்லிம்கள் இங்கே வணிகர்களாகவும் பாண்டியரின் குடிகளாகவும் ஏற்கெனவே இருந்தார்கள் என்பது இதன் பொருள். குதிரை வீரனைக் குறித்த ‘ராவுத்தன்’ என்ற சொல் எவ்வளவு இயல்பாகப் புழங்கியிருந்தால், 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனையே அப்பெயரால் விளித்திருப்பார்! துருக்கரிலிருந்து ‘துலுக்கர்’, யவனரிலிருந்து ‘சோனகர்’, குதிரையிலிருந்து ‘ராவுத்தர்’, கடல் வணிகத்தோடு சேர்ந்த ‘மரைக்காயர்’. ஒவ்வொரு பெயரும் வேறொரு வழியைக் காட்டுகிறது. எல்லா வழியையும் அடைத்துவிட்டு ‘பாய்’ என்ற ஒரே வாசலைத்தான் நாம் திறந்து வைத்திருக்கிறோம்.

கடற்கரையில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. அது கொடுப்பதைப் பற்றியது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழி தெரியாத தமிழர் குறைவு. சீதக்காதி என்பவர் ஷெய்கு அப்துல் காதிர் என்ற கீழக்கரை மரைக்காயர் வணிகர். ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் காலத்தவர். டச்சுக் கம்பெனியோடு வணிகத்தில் மல்லுக்கு நின்றவர். படிக்காசுப் புலவரால் பாடப்பட்டவர் என்பதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? கொடைக்குத் தமிழ் தந்த உவமையே ஒரு முஸ்லிமின் பெயர். அந்தப் பெயரைப் பழமொழிக்குள் வைத்துக்கொண்டு வரலாற்றிலிருந்து நழுவவிட்டிருக்கிறோம். மறுதிசையிலிருந்தும் எடுத்துக்காட்டு உண்டு. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததான 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் நினைவிடங்கள் எழுப்பினார்கள். அந்த இரண்டு நகரங்களிலும் ‘சூலியா’ தெரு இன்றும் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு அங்கே வழங்கிய பெயர் அது. புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றைப் பெருமையோடு கற்பிக்கும் நாம், அந்த வரலாற்றின் முன்வரிசையில் நின்றவர்களைத் தனி அத்தியாயத்துக்கு ஒதுக்குவதில் நியாயமில்லை.

இலக்கியப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கிடைத்திருக்கும் முழுமையான இஸ்லாமியத் தமிழ் நூல்களில் பழையது வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’, ஆண்டு 1572. வினா விடையாக அமைந்த இந்தக் கதை அரபியில் தோன்றி பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் வழங்கியது. அந்தந்த மொழிக்குப் போகும்போது அந்தந்த ஊரின் சாயலை அது பூசிக்கொண்டது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள் கொண்டது. நபிகளின் வாழ்க்கையைப் பாட வந்தவர் தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்றே தொடங்குகிறார். மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது, மள்ளர்கள் நாற்று நடுகிறார்கள். அது அரபு நாடு! புலவருக்குப் புவியியல் தெரியாமல் போய்விட்டதா? இல்லை. ஒரு நாட்டைப் போற்றுவதென்றால் அதை நீர்வளத்தால் போற்ற வேண்டும் என்பது அவர் கற்ற தமிழ். தன் சமயத்தின் மிகப் புனிதமான கதையைச் சொல்ல அவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த கருவி கம்பன் வழிவந்த காப்பிய நடைதான். இந்தச் செய்யுளை எதுகை மோனையோடு மட்டும் நடத்திவிட்டுப் போகும் ஆசிரியர், கையில் வைரத்தை வைத்துக்கொண்டு கண்ணாடியென்று காட்டுகிறார். ‘பாலைவன நாட்டில் ஏன் நெல் விளைகிறது?’ என்ற ஒரு கேள்வி போதும். வகுப்பில் மதமும் மொழியும் மண்ணும் எப்படி ஒன்றோடொன்று கலக்கின்றன என்ற விவாதம் தானே தொடங்கும்.

எழுத்து முறையிலும் அந்தக் கலப்பு நிகழ்ந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் ‘அரபுத் தமிழ்’ அல்லது அர்வி, தமிழகத்திலும் இலங்கையிலும் நூற்றாண்டுகள் வழங்கியது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கினார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பலரும் வீட்டிலிருந்தே படித்தது இந்த எழுத்தில்தான். மலாய் மொழிக்கு ஜாவி, ஜாவாவுக்கு பெகோன், மேற்கு ஆப்பிரிக்க ஹௌஸாவுக்கு அஜமி என்று உலகின் பல பகுதிகளிலும் இதே முயற்சி நடந்திருக்கிறது. ஒரு சமயம் பரவும் இடத்திலெல்லாம் உள்ளூர் மொழி அழிந்துபோகும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. அரபு எழுத்துக்குள் ழகரத்தைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களைத் தமிழுக்கு அந்நியர் என்று எப்படிச் சொல்வது? 20ஆம் நூற்றாண்டிலும் இந்தத் தொடர்ச்சி அறுபடவில்லை. பழமைதான் ஆட்சிமொழிக்குத் தகுதி என்றால் அது தமிழுக்கே உரியது என்று அரசியல் நிர்ணய சபையில் வாதிட்டவர் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தை வழிநடத்தியவர்.

தமிழ்நாட்டோடு நின்றுவிடவும் கூடாது. முஸ்லிம் என்றதும் அரபு உடையும் ஒட்டகமும் மனதில் தோன்றுகின்றன அல்லவா? உலக முஸ்லிம்களில் மத்தியக் கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்பவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர்தான். அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஆசிய, பசிபிக் பகுதியில் இருக்கிறார்கள். இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம் என்ற நான்கு நாடுகளே முஸ்லிம் மக்கள்தொகையில் முன்னிற்பவை. நான்கும் நெல் விளையும் பூமி. இந்தோனேசியாவின் ஜாவாவில் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் இன்றும் ராமாயணமும் மகாபாரதமும் நடத்துகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அர்ஜுனனும் பீமனும் அவர்கள் பிள்ளைகள் அறிந்த பெயர்கள். மேற்கு சுமத்ராவின் மினங்கபாவு மக்கள் உறுதியான முஸ்லிம்கள். அதேசமயம் வீடும் வயலும் தாய்வழியாக மகளுக்குப் போகும் சமூகம் அது. இது எங்கோ நடக்கும் விசித்திரமும் இல்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மகளுக்குத் திருமணமாகும்போது வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் மனைவி வீட்டில் வந்து தங்குவார். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் தாய்வழிக் குடி முறையே இருக்கிறது. ‘முஸ்லிம் பெண்ணின் நிலை’ என்று ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் கீழக்கரை மகளைப் பற்றியா, காபூல் மகளைப் பற்றியா பேசுகிறார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும்.

பெண்களைப் பற்றிய பாடத்துக்குத்தான் அதிகக் கவனம் தேவை, ஏனெனில் முன்முடிவு மிகக் கெட்டிப்பட்டிருப்பது அங்கேதான். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ என்ற நாவலை 1938இல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் உ.வே. சாமிநாதையர். துவரங்குறிச்சியின் சல்மா ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் அடைபட்ட வாழ்க்கையை உள்ளிருந்தே எழுதினார். பத்தமடையில் கோரையை இழையிழையாகக் கிழித்து, புவிசார் குறியீடு பெற்ற பட்டுப் பாயை நெய்வது முஸ்லிம் பெண்களின் விரல்கள். முதலாமவர் ஒரு காலத்தின் துணிச்சல், இரண்டாமவர் ஒரு கட்டுப்பாட்டின் மீதான விமர்சனம், மூன்றாமவர்கள் உழைப்பின் சான்று. இவர்களில் ஒருவரை மட்டும் எடுத்து ‘இதுதான் முஸ்லிம் பெண்’ என்று காட்டினால் பொய்யாகிவிடும். மூவரையும் சேர்த்து வைத்தால், பர்தா அணிந்த ஒரு பெண்ணைப் பார்க்கும்போது அவர் என்ன படிக்கிறார், என்ன நினைக்கிறார், எதை எதிர்க்கிறார் என்பது உடையில் எழுதியிருக்காது என்ற எளிய உண்மையை மாணவர் உணர்வார்.

உள்முரண்களை மறைக்காமல் சொல்வதும் இந்தக் கல்வியின் இன்றியமையாத பகுதி. ஜும்ஆ உரை தமிழில் இருக்க வேண்டுமா, அரபியில் இருக்க வேண்டுமா என்று சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் முஸ்லிம்களிடையே கடும் விவாதம் நடந்தது. ‘தாருல் இஸ்லாம்’ இதழ் நடத்திய பா. தாவூத் ஷா சீர்திருத்தத்தின் பக்கம் நின்றார். தர்கா வழிபாடு மார்க்கத்துக்கு உகந்ததா என்று தவ்ஹீது இயக்கத்தினர் 1980களிலிருந்து கேள்வி எழுப்பி வருகிறார்கள். ஒரே ஊரில், சில சமயம் ஒரே குடும்பத்தில், இரண்டு கருத்தும் உண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ தன் சமூகத்துக்குள் இருந்த மேட்டிமையையும் மூடநம்பிக்கையையும் ஈவிரக்கமின்றிக் காட்டியது. ஒரு சமூகம் தனக்குள் வாதிடுவதைப் பார்க்கும் மாணவருக்கு ‘அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி’ என்ற எண்ணம் வர வழியில்லை. மாறாக, ஒருமித்த குரலில் பேசும் சமூகமாக அவர்களைக் காட்டுவது, எத்தனை மரியாதையோடு செய்தாலும், முன்முடிவுக்கே தீனி போடும்.

இதற்கு எழும் ஆட்சேபங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது, மதச்சார்பற்ற நாட்டில் அரசுப் பள்ளிக்குள் மதம் எதற்கு என்பது. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையங்களில் சமய போதனையைத் தடை செய்கிறது. ஆனால் ஒரு சமயத்தைப் போதிப்பதும் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதும் ஒன்றல்ல. அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. இங்கே முன்வைக்கப்படுவது அதையும்விடக் குறுகிய கோரிக்கை: சீறாப்புராணத்தைத் தமிழாசிரியர் நடத்தட்டும், குதிரை வணிகத்தை வரலாற்று ஆசிரியர் நடத்தட்டும், இந்தோனேசியாவைப் புவியியல் ஆசிரியர் நடத்தட்டும். இதில் எவருடைய நம்பிக்கையும் வளர்க்கப்படுவதில்லை, குறைக்கப்படுவதுமில்லை. பார்க்கப்போனால், ஐந்து கடமைகளை மனப்பாடம் செய்யவைக்கும் இன்றைய பாடம்தான் சமய போதனைக்கு நெருக்கமாக இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கூர்மையானது: நல்லதை மட்டும் சொல்லி, படையெடுப்பையும் கோயில் சூறையாடலையும் வெடிகுண்டையும் மூடி மறைக்கப் பார்க்கிறீர்கள் என்பது. மறைக்க வேண்டாம், முழுமையாகச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். மதுரை சுல்தான்களின் கொடுமையைச் சமஸ்கிருதத்தில் கங்காதேவியின் ‘மதுரா விஜயம்’ சொல்கிறது. அதே கொடுமையை இன்னொருவரும் பதிவு செய்திருக்கிறார். 14ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, சுல்தான் கியாசுத்தீன் தாமகானி போர்க் கைதிகளோடு அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு அருவருத்து எழுதினார். அந்தப் பாவத்துக்காகவே இறைவன் அவனைச் சீக்கிரம் அழைத்துக்கொண்டான் என்றும் கருதினார். இபின் பதூதா முஸ்லிம். நீதிபதியாகப் பணியாற்றிய மார்க்க அறிஞர். அந்தச் சுல்தானுக்குச் சகலை முறையும்கூட. சுல்தானின் கொடுமையைப் பாடத்தில் வையுங்கள், அதைக் கண்டித்த சகலையையும் பக்கத்தில் வையுங்கள். கோவையில் 1998 பிப்ரவரியில் நடந்த தொடர் குண்டுவெடிப்பையும் சொல்லுங்கள். அதற்கு முன் 1997 நவம்பரில் நடந்த கலவரக் கொலைகளையும் சொல்லுங்கள். ஒரு கொலை இன்னொன்றை நியாயப்படுத்தாது. ஆனால் பாதியை மட்டும் சொல்லும் வரலாறு, குற்றவாளியை விட்டுவிட்டு அவனுடைய சமூகத்தைக் கூண்டில் ஏற்றும்.

தேசிய அளவில் நடப்பதிலும் இதற்குப் பாடம் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றிலிருந்து முகலாய அவைகளைப் பற்றிய அத்தியாயத்தை நீக்கியது. 2025இல் வந்த எட்டாம் வகுப்பு நூல் சுல்தான்கள், முகலாயர்களின் கொடுமைகளை எழுதிவிட்டு, கடந்த காலச் செயல்களுக்கு இன்றுள்ள எவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறது. அந்தக் குறிப்பு நல்லது. ஆனால் குறிப்பு ஒன்று தேவைப்பட்டதே, பாடம் எந்த முடிவை நோக்கிப் பிள்ளையைத் தள்ளக்கூடும் என்பது எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அரசர்களை நீக்குவதோ அவர்களின் வாளை மட்டும் தீட்டிக் காட்டுவதோ ஒரே விளைவைத்தான் தரும். வகுப்பறை விட்டுவைத்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்பும்.

மூன்றாவது ஆட்சேபம் முஸ்லிம்களிடமிருந்தே வரக்கூடியது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுவே. தர்கா, சீறாப்புராணம், கம்பன் கழகம் என்று தேர்ந்தெடுத்துக் காட்டுவது, ‘தமிழோடு கலந்த முஸ்லிம் நல்லவர், மற்றவர் சந்தேகத்துக்குரியவர்’ என்ற புதிய அளவுகோலை உண்டாக்காதா? ஆம்பூரில் உருது பேசுபவரும், தர்காவை ஏற்காத தவ்ஹீதுக்காரரும், இலக்கியத்தில் நாட்டமில்லாத லாரி ஓட்டுநரும் அந்த அளவுகோலில் எங்கே நிற்பார்கள்? இந்த அச்சம் நியாயமானது. குடிமகனின் உரிமை அவர் எவ்வளவு தமிழர் என்பதைப் பொறுத்ததல்ல, எத்தனை பாட்டெழுதினார் என்பதைப் பொறுத்ததுமல்ல. அதனால்தான் பாடம் பெருமைப் பட்டியலாக இருக்கக் கூடாது என்கிறேன். தமிழோடான கலப்பைச் சொல்வதன் நோக்கம் சான்றிதழ் வழங்குவதல்ல, ஒற்றைப் படம் பொய் என்று காட்டுவது. அந்தப் படம் பொய் என்றால் உருது பேசும் தோல் தொழிலாளியும் அதே பாடத்தில், அதே கண்ணியத்தோடு இடம்பெற வேண்டும்.

இதோடு சேர்ந்த ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. பல வகுப்பறைகளில் ஒரே ஒரு முஸ்லிம் மாணவர் இருப்பார். வேறு பலவற்றில் எவருமே இருக்கமாட்டார்கள். இருக்கும் அந்த ஒருவரை எழுப்பி ‘உங்களில் ஏன் இப்படி?’ என்று கேட்பது, கேட்பவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும், ஒரு பிள்ளையின் தலையில் இருநூறு கோடிப் பேரின் பாரத்தை ஏற்றுவதாகும். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே சொன்னதுபோல, வெவ்வேறு குழுவினர் வெறுமனே சந்தித்துக்கொள்வதால் முன்முடிவு கரைந்துவிடாது; சம நிலையில், பொது நோக்கத்துக்காக, சேர்ந்து உழைக்கும்போதுதான் அது கரையத் தொடங்கும். ஆகவே நாகூருக்கு ஒரு சுற்றுலாவோ நோன்பு திறப்பில் ஒரு புகைப்படமோ போதாது. ஊரின் பழைய பெயர்களைச் சேகரிப்பது, வட்டாரச் சொற்களைத் தொகுப்பது, தெருவின் தொழில்களை வரைபடமாக்குவது போன்ற செயல்திட்டங்களில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அங்கே முஸ்லிம் மாணவர் விளக்கம் சொல்லும் சாட்சி அல்லர். மற்றவர்களைப் போலத் தேடும் ஆய்வாளர்.

‘முஸ்லிம்களுக்கு மட்டும் ஏன்? மற்றவர்களைப் பற்றி முன்முடிவே இல்லையா?’ என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இருக்கிறது. சமணர், பழங்குடியினர், வடமாநிலத் தொழிலாளர் என்று பலரைப் பற்றியும் இருக்கிறது. குறிப்பாகக் கற்பிக்கும் முறை எல்லோருக்கும் பொருந்தும். நோய் முற்றியிருக்கும் இடத்தில் சிகிச்சையைத் தொடங்குவது ஓரவஞ்சனை ஆகாது. ‘ஏற்கெனவே பாடச்சுமை அதிகம், இதற்கு நேரமேது?’ என்று ஆசிரியர்கள் கேட்பதில்தான் நடைமுறை நியாயம் இருக்கிறது. புதிய பாடம் எதையும் நான் கேட்கவில்லை. இருக்கும் செய்யுள், இருக்கும் வரலாறு, இருக்கும் உலக வரைபடம் ஆகியவற்றை ஒன்றோடொன்று கோக்கச் சொல்கிறேன். அதற்கு ஆசிரியர் கையேட்டில் சில பக்கங்களும் பயிற்சியில் ஒரு நாளும் போதும்.

ஆனால் நம் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: பாடநூலில் எதை அச்சிட்டாலும் தேர்வில் வருவதுதான் வகுப்பில் நடத்தப்படும். எனவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் வினாத்தாள். ‘இஸ்லாத்தின் ஐந்து கடமைகள் யாவை?’ என்ற கேள்வி இருக்கட்டும். அதன் பக்கத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்ப்போம். ‘சீறாப்புராணத்தில் அரபு நாடு ஏன் மருதநிலம்போல வருணிக்கப்படுகிறது?’ ஐந்து மதிப்பெண். ‘உங்கள் ஊரில் எல்லோரும் பாய் என்று அழைக்கும் ஒருவர், தன் வீட்டில் தன் அண்ணனை எப்படி அழைக்கிறார்? கேட்டறிந்து எழுதுக.’ இரண்டாவது கேள்விக்கு எந்த நோட்ஸிலும் விடை கிடைக்காது. அதற்குப் பிள்ளை ஒரு கதவைத் தட்டியாக வேண்டும்.